பூனாச்சியும் பாசக்கயிறும்

செங்கற்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில், கடற்கும் உப்பங்கழிக்கும் நடுவே நீண்டு கிடக்கும் நிலப்பகுதி இடைக்கழிநாடு எனப் பெயர் பெறும். இடிந்த ஆலம்பரைக் கோட்டையைத் தன்னருகே உடைய கடப்பாக்கம் என்னும் ஊர் அந்நாட்டின்கண் உள்ளது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இவ்விடைக்கழிநாட்டினர் என்பது கற்றோர் கொள்கை. இருநூற்று அறுபத்தொன்பது அடிகளால் இயன்ற அப்பாட்டில், நல்லியக்கோடனைக் காணுமுன் பாணன் குடும்பம் பட்ட வறுமையைப் புலவர் ஓர் அடுக்களையை வைத்துக் காட்டுகின்றார். அவ்வடுக்களையுள் முதற்கண் தோன்றுவது மனிதரல்லர். அண்மையில் ஈன்ற ஒரு நாய். இன்னும் கண் விழியாத அதன் குட்டிகள் பால் வற்றிய முலையைப் பற்றி இழுக்க, அந்நோவு பொறாது அது குரைக்கின்றது. அதன் பின்னரே, குப்பையிற் கிள்ளிய கீரையை உப்பின்றி வேவித்து, அயலார் காணாதபடி கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்ணும் கிணைமகள் தோன்றுகின்றாள். நாயின் பசி வேறு, மகளின் பசி வேறு என்று புலவர் பிரித்தாரில்லை. கூரை ஒன்று; பசியும் ஒன்றே.

அப்பாட்டினுள்ளேயே, மயில் குளிரால் நடுங்குமென்று போர்வை அளித்த பேகனும், கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தேர் ஈந்த பாரியும் வள்ளல்களாக எண்ணப்படுகின்றனர். ஆகலின், மனிதர்க்கும் வாயில்லாப் பிறவிகட்கும் உள்ள தொடர்பைப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. எனினும், ஒரு விலங்கின் பிறப்பு முதல் இறுதி வரை உள்ள வாழ்வையே பொருளாகக் கொண்டு, அதன் இழப்பையும் துயரையும் உரைநடையில் ஒரு முழுக் கதையாக விரித்த நூல் தமிழில் மிக அரிது. அவ்வரிய நூல்களுள் ஒன்று, பெருமாள்முருகன் இயற்றிக் காலச்சுவடு பதிப்பகத்தார் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ என்னும் நாவல். கலியாணராமன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பால் அது தமிழ்நாட்டிற்கு வெளியிலும் பரவியுள்ளது. அந்நூலின் நிறையும் குறையும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

நூலாசிரியர் குறித்த ஒரு தடை

இந்நூலைச் சைவநன்மக்கள் கையிலெடுக்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறைத்துவிட்டு நூலாராய்ச்சி செய்தல் நேர்மையாகாது. இவ்வாசிரியர் 2010இல் வெளியிட்ட ‘மாதொருபாகன்’ என்னும் நாவல், திருச்செங்கோட்டையும் அத்தலத்துத் தேர்விழாவையும் களமாகக் கொண்டது. அதிற் கூறப்பட்டவை தம் ஊரையும் தலத்தையும் இழிவுபடுத்துவன என்று அவ்வூரார் பலர் மனம் நொந்தனர். 2014 திசம்பரில் எழுந்த எதிர்ப்பு வலுத்தது. 2015 சனவரியில் ஆசிரியர், தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்தொழிந்தான் என்று தாமே அறிவித்து எழுத்தைத் துறந்தார். 2016 சூலைத் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் அந்நாவலுக்கு எதிரான வழக்குகளைத் தள்ளி, அவர் மீண்டும் எழுதுதற்கு வழி செய்தது. அதன்பின் வெளிவந்த நாவலே பூனாச்சி. மனிதரையும் தெய்வத்தையும் பற்றி எழுத அஞ்சி, தீங்கற்ற வெள்ளாட்டைப் பற்றி எழுதத் துணிந்ததாக அதன் முன்னுரையில் ஆசிரியரே குறிக்கின்றார்.

முன்னைய நூல் சரியோ பிழையோ என்னும் வழக்கு வேறு. இந்நூலின் தகுதி வேறு. ஒரு நூலினால் நொந்த உள்ளம் அவ்வாசிரியரின் பிற நூலைக் கேளாமலே ஒதுக்குதல் நூலாராய்ச்சி முறையாகாது. மேலும், நாவடக்கப்பட்ட ஒருவன் நாவில்லாத ஒரு பிறவியின் துயரைச் சொல்லப் புகுந்தமையே இந்நூலுக்கு ஒரு தனித்த உண்மையைத் தந்துள்ளது. சொந்தத் துயரைச் சொந்தத் துயராகச் சொல்லாது, அதனினும் எளிய ஓர் உயிரின் துயருக்கு அவர் இடமளித்தார்.

கதைச் சுருக்கம்

மழை அரிதாகப் பெய்யும் ஒரு மேட்டுநிலம். அங்கே ஒரு கிழவனும் கிழவியும் சில ஆடுகளை வளர்த்து உயிர் வாழ்கின்றனர். ஒருநாள் மாலை, பகாசுரன் போன்ற பேருருவினன் ஒருவன் வந்து, ஒரே ஈற்றிற் பிறந்த ஏழு குட்டிகளுள் எஞ்சியது என்று சொல்லி, புழுவினும் சற்றே பெரிதான ஒரு கறுப்புப் பெட்டைக் குட்டியைக் கிழவனிடம் கொடுத்துச் செல்கின்றான். கிழவி பூனையின் நினைவால் அதற்குப் பூனாச்சி என்று பெயரிட்டு, தாய்ப்பால் இல்லாத அதனை அரும்பாடுபட்டு வளர்க்கின்றாள். இரவிற் காட்டுப்பூனை வருகின்றது. பகலில் அரசாங்கம் வருகின்றது. ஆடு ஒவ்வொன்றும் காது குத்தி அடையாளமிடப்பட வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். கிழவி நீண்ட வரிசையில் காத்துநின்று, குட்டி எங்கிருந்து வந்தது என்னும் அதிகாரிகளின் கேள்விகளுக்கு அஞ்சி அஞ்சி விடையிறுக்கின்றாள்.

பூனாச்சி வளர்கின்றது. கிழவர் இருவரும் தம் மகளின் ஊருக்கு ஆடுகளோடு செல்லும்போது காட்டையும் கட்டற்ற வாழ்வையும் சிறிதே சுவைக்கின்றது. அங்கே பூவன் என்னும் இளங்கிடாயின்மீது அதற்கு அன்பு விளைகின்றது. பின்னர், அதன் விருப்பத்தைக் கேளாமலே ஒரு கிழட்டுப் பொலிகிடாயோடு சேர்க்கப்படுகின்றது. பூவனோ, பூனாச்சியோடு கூடிய அணிமையிலேயே மனிதரின் கத்திக்கு இரையாகின்றது. பூனாச்சி ஏழு குட்டிகளை ஈன்று ஊரார் வியக்கும் அதிசயமாகின்றது; குட்டிகள் விற்கப்படுகின்றன. மழை பொய்க்கின்றது. பஞ்சம் வந்து புல்லும் தழையும் அற்று, ஆடும் ஆளும் ஒருங்கே வற்றுகின்றனர். இறுதியில் பூனாச்சி கல்லாய்ச் சமைகின்றது.

பெயரும் திணையும்

இந்நாவலில் ஆடுகளுக்குப் பெயருண்டு. கிழவனுக்கும் கிழவிக்கும் பெயரில்லை. இது தற்செயலாய் நேர்ந்ததன்று. கிழவியின் நாவில் நாள்தோறும் வழங்குவன ஆடுகளின் பெயர்களே. அவளைப் பெயர்சொல்லி அழைப்பாரோ ஒருவருமிலர். ஊர்க்கணக்கிலும் அவள் ஒரு வரியாகவே நிற்கின்றாள். எளியோர் வீட்டில் மனிதர் பெயரிழந்து நிற்க, விலங்குகள் பெயர் பெறுதலை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

தமிழிலக்கணம் மக்களை உயர்திணை என்றும், ஏனை உயிருள்ளனவற்றையும் உயிரற்றனவற்றையும் அஃறிணை என்றும் வகுத்தது. இப்பகுப்புச் சொல்லைப் பற்றியது, உயிரைப் பற்றியதன்று. அதனாலன்றோ, ஒருவன் தன் ஆவினை அன்பு மிகுதியால் தாயென்று அழைத்தலைப் பிழையென்னாது, உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்று இலக்கணநூலார் தழுவிக்கொண்டனர்! ஆட்டுக்குட்டியோடு பெற்ற மகளோடு பேசுவதுபோலப் பேசும் கிழவியின் பேச்செல்லாம் இவ்வழுவமைதிக்கு உரிய இலக்கியமே. அன்பின் முன் இலக்கணம் வழிவிடும் என்பதை ஏட்டிற் கற்ற புலவர், அதனை ஓர் ஆட்டுப்பட்டியிற் கண்கூடாகக் காணல் இந்நூலின் இன்பங்களுள் ஒன்று.

விலங்குக் கதைகள் தமிழிற் பல உள. பஞ்சதந்திரக் கதைகளில் நரியும் காளையும் சிங்கமும் பேசுகின்றன. ஆயினும் அவை விலங்கின் தோலைப் போர்த்த அமைச்சரும் அரசருமே. அங்கே நரிக்குப் பசியினும் சூழ்ச்சியே பெரிது. பூனாச்சியின் பெரும்பகுதி அவ்வாறன்று. கொழுந்தின் மணம், மடியில் முட்டுதல், மழைக்கு ஒதுங்குதல், பட்டியில் வலிய ஆடுகள் மெலிந்ததைத் தள்ளுதல் முதலியன ஆடு வளர்த்தாரே அறியும் நுட்பத்தோடு கூறப்பட்டுள்ளன. ஆங்கில நாட்டு அன்னா சீவெல் என்னும் அம்மையார் 1877இல், ஒரு கருங்குதிரை தன் வரலாற்றைத் தானே சொல்வதாக ஒரு கதை எழுதினார். குதிரைகளின் கழுத்தை மேல்நோக்கி இழுத்துக் கட்டும் கொடிய வாருக்கு எதிராக மக்கள் உள்ளம் திரும்புதற்கு அஃது உதவியது. அக்கதையின் நோக்கம் மனிதரைத் திருத்தல். பூனாச்சியோ எவரையும் திருத்த முயலவில்லை. ஓர் உயிர் உலகிற் பட்டதைக் கூறி அமைகின்றது. அதனாலேயே அதன் வலி படிப்போர் நெஞ்சில் நெடுநேரம் நிற்கின்றது.

பாசம்

இனி, இந்நூலின் உயிர்நிலையாய பொருள் யாதெனின், பாசம் என்க. சித்தாந்த நூல்கள் ஆன்மாவைப் பசு என்று கூறும். பசு என்றமை அது பாசத்தாற் கட்டுண்டமை பற்றி. பாசம் என்னுஞ் சொல்லுக்குக் கயிறு என்பது பொருள். உலக வழக்கிலோ அச்சொல் அன்பு என்னும் பொருளில் வழங்குகின்றது. தாய்க்கு மகவின்பால் பாசம், வளர்த்தவனுக்கு ஆட்டின்பால் பாசம் என்று கூறுவோர், தம்மை அறியாமலே அன்பைக் கயிறு என்று கூறியவராகின்றனர். இவ்விரு பொருளும் ஒரே முடிச்சில் விழுதலைப் பூனாச்சி ஒவ்வோர் அதிகாரத்திலும் காட்டுகின்றது.

கிழவியின் அன்பு பொய்யன்று. தான் அரைவயிறு உண்டு குட்டிக்கு ஊட்டுகின்றாள். அது நோயுற்றால் உறக்கம் இழக்கின்றாள். ஆயின் அவ்வன்பு உடையவளின் அன்பு. பூனாச்சி அவள் மகளும் ஆம். அவள் முதலும் ஆம். ஏழு குட்டிகள் பிறந்தபோது அவள் உள்ளத்தில் மகிழ்ச்சியும் கணக்கும் ஒன்றாகவே பிறக்கின்றன. கிடாய்க்குட்டிகட்கு விதையடிப்பிக்கும் கையும், அவற்றைத் தடவிக்கொடுக்கும் கையும் வேறல்ல. குட்டிகளை விற்ற பணத்தை எண்ணும் கைகளே பின் தாயாட்டின் கண்ணீரைத் துடைக்கின்றன. இதனைக் கண்டு கிழவியைக் கொடியள் என்று இகழ்தல் எளிது. ஆசிரியர் அவ்வெளிய வழியிற் சென்றாரில்லை. வறியவள் ஒருத்திக்கு அன்பும் பிழைப்பும் ஒரே ஆட்டின்மேல் நின்றால் அவள் செய்யக்கூடுவது வேறு யாது? அவ்விடத்தே படிப்போர் கிழவிக்காகவும் இரங்குகின்றனர், பூனாச்சிக்காகவும் இரங்குகின்றனர்.

கயிறு கட்டுகின்றது, அதுவே காக்கவும் செய்கின்றது. கட்டின்றித் திரிந்தால் பூனாச்சி காட்டுப்பூனைக்கு இரையாகும். கட்டுண்டு நின்றால் சந்தைக்குப் போகும். சித்தாந்தம் மாயையைப் பற்றிக் கூறுவது ஈண்டு நினைவுக்கு வரும். மாயை ஆன்மாவைப் பிணிப்பதாயினும், ஆணவ இருளில் கிடக்கும் அதற்கு விடியுங்காறும் கைவிளக்காயும் உதவும் என்பது ஆசாரியர் கொள்கை. பிணிக்கும் பொருளே துணையுமாதலை விளக்கச் சாத்திரம் பயில்வோர் பல உவமை தேடுவர். பூனாச்சியின் கழுத்துக் கயிறு அவ்வுவமைகளுள் ஒன்றாக வைத்து எண்ணத் தக்கது. ஆசிரியர் இதனைக் கருதி எழுதினார் என்று கூறுதற்கில்லை. உலகியலை உள்ளவாறு காட்டின், சாத்திரம் கூறும் உண்மை அதனுள்ளே தானே வெளிப்படும் என்பதற்கு இது சான்று.

மூவகைத் துயர்

பூனாச்சி படும் துயர் மூன்று. துணையை இழந்த துயர் ஒன்று; பெற்றனவற்றைப் பிரிந்த துயர் ஒன்று; பெற்றனவற்றுக்கு ஊட்டப் பாலின்றி நின்ற துயர் ஒன்று. இவற்றுள் இடைநின்றதே மிக ஆழமாகச் சொல்லப்பட்டுள்ளது. காரணம் வெளிப்படை. பூவனை இழந்தமை ஒருமுறை நேர்ந்தது. குட்டிகளை இழத்தலோ ஈற்றுதோறும் நிகழ்வது. அழுது தீருமுன் மீண்டும் சினையாதலும், மீண்டும் ஈனுதலும், மீண்டும் பிரிதலும் ஒரு சக்கரமாய்ச் சுழல்கின்றன. துயர் ஆறுதற்குக் காலம் வேண்டும். அக்காலமே பூனாச்சிக்கு அளிக்கப்படவில்லை.

விலங்கிற்கு இத்தகைய துயர் உண்டோ, இது கதைகட்டுவோர் மிகையன்றோ என ஒரு தடை நிகழலாம். அதற்குச் சேக்கிழார் பெருமானே விடை தந்துள்ளார். சாத்தனூரில் மூலன் என்னும் இடையன் இறந்து வீழ்ந்தபோது, அவன் மேய்த்த பசுக்கள் உடலைச் சூழ்ந்து கதறின. கயிலையினின்று அகத்தியரைக் காண வந்துகொண்டிருந்த சிவயோகியார் அத்துயர் கண்டு பொறாது, அப்பசுக்களின் பொருட்டே அவ்விடையன் உடலிற் புகுந்து திருமூலராயினார். திருமந்திரம் என்னும் மூவாயிரம் பாட்டும் இவ்வுலகிற்குக் கிடைத்தமைக்கு, ஒரு வகையில், ஆக்கள் சொரிந்த கண்ணீரே முதற்காரணம். விலங்கின் துயரை மிகையென்று தள்ளுவோர் திருமூலர் வரலாற்றையும் மிகையென்றே தள்ளுதல் வேண்டும்.

திருவாரூரிற் கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. மனுநீதி கண்ட சோழன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். அப்பசுவுக்கு அசைக்க ஒரு மணி இருந்தது. கேட்க ஓர் அரசன் இருந்தான். பூனாச்சியின் நாட்டிலும் அரசு உண்டு; ஆனால் அது ஆட்டின் காதைத் துளைத்து எண்ணிடுமேயன்றி, அதன் குரலுக்குத் தன் காதைத் திறவாது. ஈரிடத்தும் தாய் ஒருத்தியே, அரசே வேறு. இவ்வேறுபாட்டை உன்னுவோர்க்கு இந்நாவலின் அரசியற் பகுதி ஏன் வைக்கப்பட்டது என்பது நன்கு விளங்கும். கால்நடைகட்கு நோய்த்தடுப்பு ஊசியிடும் பொருட்டு 2019இல் நடுவணரசு தொடங்கிய திட்டத்தின்கீழ் மாடுகளின் காதிற் பன்னிரண்டு இலக்க வில்லை பொருத்தப்படுதலை இன்று சிற்றூர்களிற் காணலாம். அது நலம் கருதிய ஏற்பாடே. எனினும் எண்ணிடும் அரசுக்கும் குரல் கேட்கும் அரசுக்கும் இடையே உள்ள தொலைவை ஆசிரியர் மூன்றாண்டு முன்னரே கதையில் அளந்திருந்தார் என்க.

பலி

பூவன் வெட்டுண்ட பகுதி சைவர் நின்று நினைத்தற்கு உரியது. ஊர்விழா என்றால் கிடாய் வெட்டு என்னும் வழக்கம் தமிழ்நாட்டிற் பல ஊர்களில் இன்றும் உள்ளது. திருக்கோயில்களில் விலங்கும் பறவையும் பலியிடுதலைத் தடுக்க 1950இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்த அதனைக் கடுமையாக நடைமுறைப்படுத்த 2003இல் ஆணை பிறந்தது. மக்கள் எதிர்ப்பினால் 2004இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. சட்டத்தால் நிறுத்தவியலாத ஒன்றை உள்ளத்தின் இரக்கமே நிறுத்தல் கூடும் என்பது இவ்வரலாற்றால் விளங்கும். பலியிடுவோரை ஆசிரியர் வைதாரில்லை. புலால் மறுத்தலைப் போதித்தாருமில்லை. பலியாகும் உயிருக்கும் ஒரு காதலி உண்டு, அவள் காத்திருப்பாள் என்பதை மட்டும் சொல்லி நின்றார். கொல்லாமை பற்றிய நூறு சொற்பொழிவு செய்யாததை அவ்வொரு குறிப்புச் செய்கின்றது.

இறைவனை மதியாது வேள்வி செய்த தக்கன், இறுதியில் ஆட்டுத்தலை பெற்று எழுந்தான் என்னும் புராணமும் ஈண்டு எண்ணத்தக்கது. வேள்வியில் ஆட்டைப் பலியிடும் உரிமை தனக்கு உண்டெனக் கருதியவன் முகத்திலேயே அவ்வாட்டின் தலை வந்து அமைந்தது. பலியிடுவோன் பலியின் முகத்தைத் தானே தாங்க நேர்ந்தது. பூனாச்சியைப் படித்து முடித்தோர்க்கு இப்புராணத்தின் கருத்து முன்னினும் தெளிவாகும்.

குறைகள்

இத்துணைச் சிறப்புடையதாயினும் நூல் குறையற்றதன்று. முதலாவது, காது குத்தும் அதிகாரிகளையும் வரிசையில் நிற்போரையும் பற்றிய பகுதிகள் வெளிப்படையான அங்கதமாய் அமைந்து, ஆட்டின் கதையினின்று விலகி நிற்கின்றன. ஆட்டுப்பட்டியிற் பேசும் ஆசிரியர் மெல்லப் பேசுகின்றார். அலுவலக வாயிலில் அவர் குரல் உயர்ந்துவிடுகின்றது. படிப்போர் ஆட்டை மறந்து ஆசிரியரின் வழக்கை நினைக்கும்படி அவ்விடங்கள் அமைந்தன. கதைக்குள் அரசு வருதல் வேண்டும். ஆனால் அது கிழவியின் அச்சத்தின் அளவாகவே வந்திருப்பின் இன்னும் நன்றாயிருக்கும்.

இரண்டாவது, பூவனுக்கும் பூனாச்சிக்கும் இடையே உள்ள அன்பைக் கூறுங்கால், ஆடு ஆடாக நில்லாது அகப்பாட்டுத் தலைவியாக மாறிவிடுகின்றது. மேய்தலையும் முட்டுதலையும் அத்துணை நுட்பமாகக் கூறியவர், காதலைக் கூறுமிடத்து மனிதரின் ஏக்கத்தையே ஆட்டிற்குக் கடனாக வழங்கினார். தாய்மைத் துயர் உண்மையாகவும் காதல் துயர் சற்றே புனைவாகவும் தோன்றுதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது குறை, ஒருவகையில் குறையும் அன்று. இந்நாவலிற் பசு உண்டு, பாசம் உண்டு, பதி இல்லை. தாயும் தந்தையும் வேட்டையில் மாண்டபின் பசியால் வாடிய பன்னிரு பன்றிக்குட்டிகட்குச் சோமசுந்தரக் கடவுள் தாயாய் வந்து முலையளித்தார் என்று திருவிளையாடற் புராணம் கூறும். சைவர் உள்ளம் பஞ்சத்திற் பால் வற்றி நிற்கும் பூனாச்சியைக் காணுங்கால் அத்தகைய ஒரு வருகையை எதிர்நோக்கும். நாவலில் அது வாராது. விளக்கு உண்டு, விடியல் இல்லை. ஆயினும் நாவலாசிரியர் சாத்திரம் செய்யப் புகுந்தவரல்லர். தாம் கண்டதற்கு மேல் ஓர் ஆறுதலைக் கூட்டிச் சொல்லாமை அவரது நேர்மை. திருவருளை நூலில் வருவித்துத் துயரை விரைந்து துடைத்திருப்பின், துயரும் பொய்யாகும், அருளும் மலிவாகும். விடியலைக் காட்டும் பொறுப்பு அவரதன்று. இருள் இத்துணை என்று அளந்து சொல்வதே அவர் செய்த தொண்டு.

கல்

இறுதியிற் பூனாச்சி கல்லாதலைப் பலர் புரியாத புதுமையென்பர். தமிழ்நாட்டின் பழைய வழக்கை அறிந்தார்க்கு அது புதுமையன்று. வீழ்ந்த வீரர்க்கு நடுகல் நட்ட தமிழர், விலங்கிற்கும் பறவைக்கும் நடுகல் நட்டனர். திருவண்ணாமலைப் பக்கத்து எடத்தனூரில், தன் தலைவன் மாண்டபின்னும் கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்னும் நாய்க்கு மகேந்திரவர்மன் காலத்தில் பொறித்த கல் உள்ளது. தலைவன் உருவின் அருகே நாயின் உருவும் பெயரும் அதில் உள. விழுப்புரத்தை அடுத்த அரசலாபுரத்திலும் செங்கற்பட்டு வட்டாரத்து இந்தளூரிலும் போரிட்ட சேவல்கட்கு நட்ட கற்கள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. இழந்த உயிருக்கு இரங்கிய நெஞ்சம் அவ்விரக்கத்தைக் கல்லிற் பொறித்துவைத்தது. ஆயிரத்து முந்நூறு ஆண்டின் மேலாகியும் கோவிவன் என்னும் பெயர் அழியவில்லை.

பூனாச்சியின் கல்லும் அவ்வினத்தது என்று கொள்ளலாம். ஆனால் ஒரு வேறுபாடு உளது. கோவிவனுக்குக் கல்லை நட்டவர் மனிதர். பூனாச்சிக்குக் கல் நடுவார் இலர். அது தானே தன் கல்லாயிற்று. உயிரோடிருந்தபோது ஒருபிடி தழைக்கு வழியில்லாதது, கல்லானபின் ஒருவேளை மஞ்சளும் குங்குமமும் பெறும். இவ்வெண்ணம் கூரிய முள்ளாய்ப் படிப்போர் நெஞ்சில் தைக்கின்றது.

இவ்விறுதிக்குச் சித்தாந்த வழியிலும் ஒரு விளக்கம் கூறலாம். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. அன்பைச் சார்ந்தபோது பூனாச்சி அன்பாயிற்று. தாய்மையைச் சார்ந்தபோது தாயாயிற்று. சார்தற்கு ஒரு கொழுந்தும் ஒரு குட்டியும் ஒரு கையும் இன்றிப்போனபோது கல்லாயிற்று. சாரத்தக்க பொருள் ஒன்று உண்டு என்று அறிந்தவர்க்கு, அது கிட்டாமற்போன உயிரின் முடிவு இரக்கத்தையும் அச்சத்தையும் ஒருங்கே விளைவிக்கும்.

முடிபு

பூனாச்சி அளவாற் சிறிய நூல், எளிய நடையினது. அங்கதம் மிக்க சில பக்கங்களும், மனிதச் சாயல் மிகுந்த ஒரு காதலும் அதன் குறைகள். தாய்மையின் இழப்பையும், அன்பே கட்டாகும் நிலையையும், வறியோரும் விலங்கும் ஒரே பசியால் வாடுதலையும் உள்ளது உள்ளவாறு காட்டியமை அதன் நிறை. நிறையே மிகுதி. உயிர்க்கிரக்கம் சைவத்தின் அடிப்படை என்று நாவாற் கூறுவோர், அவ்விரக்கம் தம் உள்ளத்தில் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்று அளந்துகொள்ள இந்நூல் ஒரு துலையாய் உதவும்.

பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தபோது அம்மயில் அவனுடையதன்று. அதனை விற்கவும் அவன் எண்ணவில்லை, உண்ணவும் எண்ணவில்லை. உடைமை என்னும் கயிறு அறுந்த இடத்தில் அன்பு அருளாய் முதிர்கின்றது. கிழவியின் அன்பு அந்நிலைக்கு ஓர் அடி முன்னர் நின்றுவிட்டது. வறுமை அவளை அங்கே நிறுத்திவைத்தது. வறுமை தடுக்காத இடத்தும் அவ்வோரடியை எடுத்துவையாதார் பலர். இடைக்கழிநாட்டுப் புலவர் ஓர் இடிந்த அடுக்களையிற் கேட்ட நாயின் குரலும், இந்நாவலிற் கேட்கும் வெள்ளாட்டின் குரலும் ஒன்றே. அது செவிப்பட்டும் கதவைத் திறவாதிருத்தல் அறிவுடையார்க்கு ஆகாது.

சிவம்.